பாத்ரூம் ஸ்விட்ச் ஏன் வெளியில் இருக்கிறது?

நாங்கள் எல்லாரும் சின்ன வயதில் செய்த குழப்படி ஒன்று இருக்கிறது. அண்ணாவோ தங்கச்சியோ குளித்துக்கொண்டிருக்கும்போது வெளியில் நின்று பாத்ரூம் லைட்டை நூர்த்துவிட்டு ஓடுவது. உள்ளே இருப்பவர் கத்துவார். குசினிக்குள் இருந்து அம்மா கத்துவா. அத்தனை தரம் ஏச்சு வாங்கியும் ஒரு கேள்வியை நாங்கள் கேட்டதே இல்லை. வீட்டில் மற்ற எல்லா அறைகளுக்கும் ஸ்விட்ச் உள்ளே இருக்கும்போது, பாத்ரூமுக்கு மட்டும் ஏன் வெளியில் வைத்திருக்கிறார்கள்?

இந்தக் கேள்வி எங்களுக்கு வந்தது ஒரு போர்டிங் வீட்டில்தான். மூன்றாம் வருடம் புது இடத்துக்கு மாறினோம். பாத்ரூமில் ஹீட்டர் இருந்தது. மழைக்காலத்தில் விடியக்காலை லெக்சருக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய வசதி. இரண்டாம் கிழமை ஒருவன் குளித்துவிட்டு வந்து, "மச்சான், பைப்பைத் தொட்டா விறுவிறுக்குது" என்றான். வீட்டுக்கார அங்கிளிடம் போய்ச் சொன்னோம். "அந்த ட்ரிப் ஸ்விட்ச் சும்மா சும்மா விழுந்துகொண்டிருந்தது தம்பி. அதால அதை விட்டிட்டு நேரா லைனைக் குடுத்திட்டம்" என்றார். உபகாரம் செய்த முகத்தோடுதான் சொன்னார். எங்களுக்கும் அப்போது அதில் பிழை தெரியவில்லை.

நாங்கள் கலைப்பீடம். வயரிங் எங்கட பாடம் இல்லை. ஆனால் ஒரு விதி எப்படி வந்தது, யாருக்காக வந்தது என்று தேடுவது எங்கட பாடம்தான். தேடிப் பார்த்தபோது ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. மின்சாரத்துக்கு விதி எழுதத் தொடங்கியவர்கள் முதலில் காப்பாற்ற நினைத்தது கட்டடத்தை. குளிக்கிற மனிதரிடம் வந்துசேர அந்த விதிகளுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் எடுத்தது.

1882: காப்புறுதிக் கம்பனியின் கவலை

இலங்கையில் வீட்டு வயரிங் நீண்டகாலமாகப் பிரித்தானிய விதிகளையே பின்பற்றி வந்திருக்கிறது. எனவே கதை லண்டனில் தொடங்குகிறது. 1882இல் அங்கே தந்திப் பொறியியலாளர்களதும் மின்னியலாளர்களதும் சங்கம் முதலாவது விதித் தொகுப்பை வெளியிட்டது. இன்று உலகின் பல நாடுகளில் எலக்ட்ரீஷியன்மார் கையில் வைத்திருக்கும் பிஎஸ் 7671 என்ற தடித்த புத்தகத்தின் பூட்டன் அதுதான். அப்போது அது சில பக்கங்கள் மட்டுமே. அதன் தலைப்பு, மின் விளக்குகளால் ஏற்படும் தீ ஆபத்தைத் தடுப்பதற்கான விதிகள் என்பதாக இருந்தது.

தலைப்பிலேயே விஷயம் இருக்கிறது. அவர்களின் முதல் பயம் தீ. மனிதருக்கு ஏற்படக்கூடிய ஆபத்து பற்றியும் சில வரிகள் உண்டுதான், ஆனால் அவை கடைசியில் வருகின்றன. அதே காலத்தில் ஃபீனிக்ஸ் என்ற தீக் காப்புறுதி நிறுவனத்தைச் சேர்ந்த மஸ்கிரேவ் ஹீஃபி என்பவரும் தனியாக ஒரு விதித் தொகுப்பை எழுதினார். ஒரு வீடு எரிந்தால் காசு கொடுக்க வேண்டியது காப்புறுதிக் கம்பனி. எனவே வீடு எரியக்கூடாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

அந்த நோக்கத்துக்கு ஏற்ற கருவி உருகி, அதாவது எங்கட பேச்சில் ஃபியூஸ். அளவுக்கு மிஞ்சிய கரண்ட் போனால் மெல்லிய கம்பி உருகி இணைப்பு அறும். வயர் சூடாகித் தீப்பிடிக்காது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. 15 அம்பியர் ஃபியூஸ் ஒன்று 15 அம்பியருக்கு மேல் போனால்தான் உருகும். ஒரு மனிதரைக் கொல்ல அம்பியர் கணக்கில் கரண்ட் தேவையில்லை. அதன் நூறில் ஒரு பங்கு போதும் என்பது பிறகுதான் அளந்து தெரிந்தது.

தண்ணியும் உடம்பும்

பாத்ரூம் ஏன் வித்தியாசமான இடம்? காய்ந்த தோல் கரண்டுக்கு ஓரளவு தடை போடும். நனைந்த தோல் அந்தத் தடையை இழந்துவிடும். நனைந்த உடம்பின் தடை ஏறத்தாழ 1000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு மின்சாரம் 230 வோல்ற். வகுத்துப் பார்த்தால் 230 மில்லிஅம்பியர். சாதாரணதரத்தில் படித்த ஓமின் விதிதான், வேறொன்றுமில்லை. 230 மில்லிஅம்பியர் என்பது ஒரு அம்பியரின் கால்வாசி கூட இல்லை. 15 அம்பியர் ஃபியூசுக்கு அப்படியொன்று போனதே தெரியாது. இதயம் தாளம் தவறித் துடிதுடித்து நிற்க அது தாராளமாகப் போதும்.

இதோடு பாத்ரூமில் நாங்கள் வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்கிறோம். சுற்றிவர உலோகம்: பைப், ஷவர், துவாய் போடும் கம்பி. கரண்ட் உடம்புக்குள் வரவும் வழி இருக்கிறது, நிலத்துக்குப் போகவும் வழி இருக்கிறது. அந்த இடத்துக்குள் சூடாக்கும் சாமான் ஒன்றைக் கொண்டுவந்தால், தண்ணியையும் மின்சாரத்தையும் ஒரே பெட்டிக்குள் போட்டு மெல்லிய உறை ஒன்றால் மட்டும் பிரித்து வைத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

இதற்கு உலகம் கொடுத்த விலைக்கு இரண்டு பெயர்களை மட்டும் சொல்கிறோம். 1978 மார்ச் 11ஆம் திகதி பிரெஞ்சுப் பாடகர் குளோட் பிரான்சுவா பாரிசில் தன் வீட்டுக் குளியல் தொட்டிக்குள் நின்றபடி சுவர் விளக்கு ஒன்றைச் சரிசெய்யக் கை வைத்தார். அதிலேயே இறந்துபோனார். வயது 39. உலகமே பாடும் 'மை வே' என்ற ஆங்கிலப் பாட்டின் மூலமான பிரெஞ்சுப் பாடலைப் பாடியவர் அவர்.

இரண்டாமவர் இலங்கைக்கு வந்துபோனவர். அமெரிக்கக் கத்தோலிக்கத் துறவியும் எழுத்தாளருமான தோமஸ் மேர்ட்டன். 1968இல் ஆசியப் பயணத்தில் இங்கே வந்து, பொலன்னறுவைக் கல்விகாரையின் புத்தர் சிலைகளுக்கு முன் நின்ற அனுபவத்தைத் தன் நாட்குறிப்பில் எழுதினார். அதற்குச் சில நாட்களுக்குப் பிறகு, டிசம்பர் 10ஆம் திகதி, பாங்கொக்குக்கு அருகில் தங்கியிருந்த அறையில் தரையில் வைக்கும் மின்விசிறி ஒன்று உடலின் மேல் கிடக்க இறந்து கிடந்தார். குளித்துவிட்டு வந்து அதைத் தொட்டதில் ஷொக் அடித்தது என்பதே பரவலாகச் சொல்லப்படுவது. அந்த மரணத்தைப் பற்றி இன்றும் சர்ச்சை உண்டு.

இவை பெயர் உள்ள மரணங்கள். பெயர் இல்லாமல் போனவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் வீட்டார் ஒரு சின்னச் செய்தித் துண்டோடு அழுது முடித்திருப்பார்கள்.

மாணவர்களின் கைகள்

அளந்து பார்த்த கதை எங்களை உலுக்கியது. அமெரிக்காவில் பேர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சார்ள்ஸ் டால்சியல் என்ற பேராசிரியர் 1940களில் ஒரு கேள்வியை எடுத்தார். கரண்ட் உள்ள கம்பியைப் பிடித்த ஒருவர், தானாகவே கையை விட முடியாமல் போவது எந்த அளவில்? தசை இறுகிக்கொண்டால் விட நினைத்தாலும் விரல் திறக்காது. 'கரண்ட் இழுத்துப் பிடிச்சிட்டுது' என்று ஊரில் சொல்வது இதைத்தான்.

இதற்காக முன்வந்த தொண்டர்கள் கம்பியைப் பிடித்தார்கள். கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். ஆண்களில் சராசரியாக 16 மில்லிஅம்பியர் அளவில் கை விட முடியாமல் போனது. பெண்களில் அது ஏறத்தாழ 10.5. அதாவது ஆண்களை மட்டும் அளந்து விதி எழுதியிருந்தால், அது பெண்களையும் பிள்ளைகளையும் காப்பாற்றியிருக்காது. ஒரு விதி எந்த உடம்பை மனதில் வைத்து எழுதப்படுகிறது என்பது பெண்ணிய வகுப்புகளில் நாங்கள் விவாதிக்கிற கேள்வி. அது மில்லிஅம்பியரிலும் இருக்கிறது என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

ஒஸ்ரியாவில் கொட்பிரீட் பீகல்மையர் என்ற அறிஞர் இன்னும் ஒரு படி மேலே போய், தன் உடம்பிலேயே ஷொக் கொடுத்துப் பரிசோதித்தார். அவரும் இன்னும் சில ஆய்வாளர்களும் 1950களிலும் 1960களிலும் செய்த வேலையில் இருந்து வளர்ந்ததுதான் எங்கட வீடுகளில் நாங்கள் ட்ரிப் ஸ்விட்ச் என்று சொல்லும் சாமான். டால்சியலும் 1961இல் அமெரிக்காவுக்கான அதன் வடிவத்தை உருவாக்கினார்.

அது செய்யும் வேலை எளிது. ஒரு வயரால் போகிற கரண்ட் மற்ற வயரால் அப்படியே திரும்பி வரவேண்டும். கடைக்குப் போகும்போது கையில் இருந்த காசும் செலவும் மிச்சமும் ஒத்துவருகிறதா என்று அம்மா கணக்குப் பார்ப்பது போலத்தான். வித்தியாசம் இருந்தால் நடுவில் எங்கேயோ ஒழுகியிருக்கிறது. ஒருவேளை ஒரு மனிதரின் உடம்பு வழியாக. வீடுகளுக்கான ட்ரிப் ஸ்விட்ச் 30 மில்லிஅம்பியர் வித்தியாசம் வந்தால் ஒரு விநாடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் இணைப்பை அறுத்துவிடும். வித்தியாசம் பெரிதென்றால் இன்னும் வேகமாக. ஷொக் அடிக்காது என்று இல்லை. அடிக்கும், ஆனால் இதயம் நிற்கமுதல் கரண்ட் நின்றுவிடும். ஃபியூஸ் வயரைக் காப்பாற்றியது. மனிதரை மனதில் வைத்துச் செய்யப்பட்டது இதுதான்.

குளியலறையை அளந்த கதை

கருவி வந்த உடனே விதி வந்துவிடவில்லை. அமெரிக்காவின் தேசிய மின் விதிக்கோவை 1975இல்தான் பாத்ரூம் பிளக்குகளுக்கு இந்தப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது. பிரித்தானியா வேறு வழியில் போனது. அங்கே பழைய அணுகுமுறை, நனைந்த கை எட்டும் தூரத்தில் எதையும் வைக்காதே என்பது. குளிக்கும் அறைக்குள் சாதாரண பிளக் கூடாது, சவரக் கருவிக்கான விசேட பிளக் மட்டும். குளிப்பவர் தொடக்கூடிய இடத்தில் சுவர் ஸ்விட்ச் கூடாது. ஒன்றில் கூரையில் இருந்து தொங்கும் கயிற்றை இழுத்து லைட் போடவேண்டும், இல்லையென்றால் ஸ்விட்ச் அறைக்கு வெளியே இருக்கவேண்டும். எங்கட வீட்டில் அது வெளியில் இருப்பதன் காரணம் இதுதான். நாங்கள் ஓடி ஓடி நூர்த்த அந்த ஸ்விட்ச், நனைந்த கைக்கு எட்டாமல் வைக்கப்பட்ட ஒன்று.

2001ஆம் ஆண்டுப் பதிப்பில் பிரித்தானிய விதிகள் குளியலறையை வலயங்களாகப் பிரித்துவைத்திருந்தன. குளியல் தொட்டியின் அல்லது ஷவர் தட்டின் உட்பக்கம் வலயம் 0. அங்கே 12 வோல்ற்றுக்கு மேல் எதுவும் கூடாது. அதற்கு நேர் மேலே, தரையில் இருந்து 2.25 மீற்றர் உயரம் வரை வலயம் 1. அதிலிருந்து பக்கவாட்டில் 60 சென்ரிமீற்றர் வரை வலயம் 2. ஹீட்டர் ஷவரோ, சூடாகும் துவாய்க் கம்பியோ, சுவர் ஹீட்டரோ எதுவானாலும், அது எந்த வலயத்தில் நிற்கிறது என்பதைப் பார்த்துத்தான் எவ்வளவு தண்ணி தெறித்தாலும் தாங்கும் உறை அதற்கு வேண்டும் என்று முடிவாகும்.

அதோடு இன்னொரு யோசனையும் இருந்தது. காகம் கரண்ட் கம்பியில் இருந்து சாவதில்லை. ஏனென்றால் அதன் இரண்டு கால்களும் ஒரே கம்பியில், ஒரே அழுத்தத்தில் இருக்கின்றன. பாத்ரூமில் உள்ள பைப், ஷவர், துவாய்க் கம்பி எல்லாவற்றையும் பச்சை மஞ்சள் வயரால் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால், பழுது வந்தாலும் ஒரு கைக்கும் மற்றக் கைக்கும் இடையில் ஆபத்தான வித்தியாசம் இராது. நாங்களும் காகம் மாதிரி.

2008இல் வந்த 17ஆம் பதிப்பில்தான், பாத்ரூமுக்குள் வரும் ஒவ்வொரு மின்சுற்றுக்கும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் ஸ்விட்ச் கட்டாயம் என்று எழுதினார்கள். லைட்டுக்கும்கூட. 1882இல் இருந்து 2008 வரை எண்ணினால் 126 வருடம். தீக் காப்புறுதிக்காரரின் கவலையில் தொடங்கிய புத்தகம் குளிப்பவரிடம் முழுதாக வந்துசேர எடுத்த காலம் அது.

எங்கட மண்

ஒரு விதி கடல் தாண்டி வரும்போது எல்லாம் கூடவே வருவதில்லை. பிரித்தானியாவில் பெரும்பாலான வீடுகளுக்கு எர்த் இணைப்பை மின்சார வழங்குநரே வயரோடு சேர்த்துக் கொடுப்பார். இங்கே வீட்டுக்காரர்தான் முற்றத்தில் செப்புக் கம்பி அடிக்கவேண்டும். எங்கட உயிர் எங்கட மண்ணை நம்பி இருக்கிறது.

மண்ணைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்தில் கொஞ்சம் தோண்டினால் சுண்ணாம்புக்கல். கோடையில் மேல்மண் காய்ந்து வெடிக்கும். அப்படியான இடத்தில் எர்த் கம்பியின் தடை 100 ஓம் வந்தால் என்ன நடக்கும்? ஹீட்டரில் பழுது வந்து 230 வோல்ற் அதன் உலோக உடம்புக்கு ஏறினால், மண்ணுக்குள் போகும் கரண்ட் 2.3 அம்பியர் மட்டும். 20 அம்பியர் பிரேக்கர் அசையாது. ஃபியூஸ் உருகாது. எல்லாம் ஒழுங்காக இருப்பது போலவே தெரியும், ஹீட்டரும் தண்ணி சுடவைக்கும், ஆனால் பைப்பில் கரண்ட் நின்றுகொண்டிருக்கும். அந்த இடத்தில் வேலை செய்யக்கூடிய ஒரே சாமான் ட்ரிப் ஸ்விட்ச்தான். அதற்கு 0.03 அம்பியர் போதும்.

எனவே இங்கிலாந்தில் ட்ரிப் ஸ்விட்ச் பல காவல்களில் ஒன்று. இங்கே பல வீடுகளில் அதுதான் கடைசிக் காவல். புது மின் இணைப்பு எடுக்கும்போது ட்ரிப் ஸ்விட்ச்சும் எர்த் கம்பியும் கேட்பது இதனால்தான். இணைப்புக் கிடைத்த பிறகு அதைக் கழற்றிவிட்டால் யாரும் வந்து பார்ப்பதில்லை.

எங்கட பக்கத்தில் இது இன்னும் புதிய ஆபத்து. எங்கட பெற்றோர் தலைமுறை குளித்தது கிணற்றடியில். 1990இன் பிறகு யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்காகக் கரண்டே இல்லை. சைக்கிள் டைனமோ சுற்றி ரேடியோ கேட்ட கதையை எல்லா வீட்டிலும் சொல்வார்கள். கரண்ட் திரும்பி வந்த பிறகுதான் பலர் புது வீடு கட்டினார்கள், அறையோடு சேர்ந்த பாத்ரூம் வைத்தார்கள், மாணவர்களுக்கு அறை வாடகைக்கு விட்டார்கள், 'ஹொட் வோட்டர் இருக்கு' என்று சொல்லி வாடகையைக் கூட்டினார்கள். கிணற்றடியில் மோட்டரை ஈரக் கையால் தொடாதே என்று அம்மம்மா சொல்லித்தந்தா. பாத்ரூம் ஹீட்டரைப் பற்றிச் சொல்ல அவவுக்கு அனுபவம் இருக்கவில்லை. அந்த அறிவு குடும்பத்தால் வரவில்லை. விதியால் வரவேண்டியிருந்தது. விதியை வயரிங் பாஸின் மனச்சாட்சியிடம் விட்டுவிட்டோம்.

3.5 கிலோவாற் ஹீட்டர் ஒன்று 15 அம்பியருக்கு மேல் இழுக்கும். அதை 13 அம்பியர் பிளக்கில், அதுவும் அடாப்டர் போட்டுக் கொழுவியிருக்கிற போர்டிங்குகளை நாங்களே பார்த்திருக்கிறோம். பிளக் உருகிக் கறுத்திருக்கும். 'கொஞ்சம் சுடும், பரவாயில்லை' என்பார்கள். குளிக்கிறவரை விடுவோம், 1882இன் காப்புறுதிக்காரரே இதைப் பார்த்தால் பயந்திருப்பார்.

விழுகிற ஸ்விட்ச் சொன்னது

அங்கிளோடு நாங்கள் சண்டை பிடிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை நாலு பேர் போய், மேலே எழுதிய 100 ஓம் கணக்கை ஒரு கொப்பித் தாளில் போட்டுக் காட்டினோம். அவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். தாளை வாங்கி இரண்டு தரம் பார்த்தார். "அப்ப அது சும்மா விழேல்ல" என்றார். அடுத்த நாள் வேறொரு வயரிங் பாஸைக் கூட்டிவந்தார். அவர் ஹீட்டரைக் கழற்றி அளந்துவிட்டு, உள்ளே சுருளின் உறை வெடித்துத் தண்ணியோடு கரண்ட் கசிகிறது என்றார். ட்ரிப் ஸ்விட்ச் ஒவ்வொரு தரமும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. கரைச்சல் என்று நினைத்து அதன் வாயை அடைத்திருக்கிறோம்.

இதை வாசிக்கிற போர்டிங்காரரிடம் கேட்பது இவ்வளவுதான். மெயின் ஸ்விட்ச் பெட்டியைப் போய்ப் பாருங்கள். ட்ரிப் ஸ்விட்ச்சில் 'டெஸ்ட்' என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அமத்துங்கள். வீடு முழுக்க இருண்டால் அது வேலை செய்கிறது, திருப்பி மேலே தள்ளிவிடலாம். மாதம் ஒருக்கா அமத்துங்கள். இருளவில்லை என்றால், அல்லது அப்படி ஒரு ஸ்விட்ச்சே இல்லை என்றால், அன்று ஹீட்டரைப் போடாதீர்கள். பைப்பில் விறுவிறுப்பு இருந்தால் குளிக்கவே வேண்டாம். அந்தப் பொத்தான் நல்லதென்று காட்டினாலும் எர்த் கம்பி நல்லதென்று அது சொல்லாது, அதைத் தெரிந்தவர் ஒருவர் அளந்துதான் சொல்லவேண்டும். வாடகை பேசும்போது தண்ணி வருமா, வைஃபை இருக்கா என்று கேட்கிற நாங்கள் இதையும் கேட்கலாம்.

எங்கட போர்டிங்கில் புது ஹீட்டர் இன்னும் வரவில்லை. அங்கிள் அடுத்த மாதம் என்கிறார். அதுவரை விடியக்காலை பச்சைத்தண்ணியில் நடுங்கிக்கொண்டு குளிக்கிறோம். லைட் ஸ்விட்ச் வெளியில்தான் இருக்கிறது. அதை நூர்த்துவிட்டு ஓடுகிறவனும் இன்னும் எங்களோடுதான் இருக்கிறான்.